விசாரிக்க வந்தவர்

— ரெண்டாவது வரியைத் திருப்பி வாசி தம்பி. அதில எனக்கு ஒரு சந்தேகம்.

— நாலு தரம் வாசிச்சாச்சு அப்பா. நீங்கள் கீழ சைன் பண்ணினாச் சரி. நாளைக்குக் காலமை லோயரிட்டக் குடுக்கவேணும்.

— கையெழுத்து எண்டா சும்மாவே? முப்பத்தொரு வருசம் அரசாங்கக் கச்சேரியில கிளாக்கா இருந்தனான். விளங்காத கடுதாசியில ஒரு நாளும் கையெழுத்து வைக்கேல்லை. இங்கிலீஷை விடு, தமிழில சொல்லு.

— ஓகே. "தொண்ணூற்றி மூண்டாம் ஆண்டு மார்ச் மாதம், என்ர மகன் பாலேந்திரா பிரிட்டிஷ் ஆமியில சிக்னல்ஸ் பிரிவில இருக்கேக்க, ஆமி அதிகாரி ஒருத்தர் தோர்ண்டன் ஹீத்தில இருக்கிற எங்கட வீட்டை வந்தவர். அவர் என்னை வெருட்டி, மகனுக்கு வந்த காயிதங்களை எடுத்து, என்னைக் கொண்டே இங்கிலீஷில சொல்லுவிச்சு எழுதினவர். அந்தக் காயிதங்களாலதான் மகன் கே, ஆம்பிளையளை விரும்புறவன் எண்டு தெரிஞ்சு ஆமியால நிப்பாட்டினவை." பேந்து இன்னுமொரு வரி, கீழ ஞானரட்ணம் எண்டு உங்கட பேர். அவ்வளவுதான்.

— அதுதான். அந்த "வெருட்டி".

— அதில என்ன?

— கொம்மா கோயிலால வரப்போறா. பேந்து பாப்பம்.

— அம்மா வர இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு. அவ நிக்கேக்க இதைக் கதைக்கேலாது எண்டுதானே வெள்ளிக்கிழமையாப் பாத்து ஸ்ட்ரெதமில இருந்து பஸ் ஏறினனான்.

— ஆறு வருசமா வராத பிள்ளை. வந்ததும் வராததுமா கடுதாசியை நீட்டுறாய்.

— வராதை எண்டு சொன்னது ஆர்?

— நான் அப்பிடிச் சொல்லேல்லை.

— இல்லை, சொல்லேல்லை. யூனிபோர்மைக் கழட்டிக் குடுத்திட்டு ஒரு பையோட வந்து பெல் அடிச்சனான். நீங்கள் மேல நிண்டு திரைச்சீலையை விலத்திப் பாத்தனீங்கள். பாத்திட்டுத் திருப்பி மூடினனீங்கள். வாயால ஒண்டும் சொல்லேல்லைத்தான்.

— கீழ கடையில சனம் நிண்டது.

— கடையில சனம் எப்பவும்தான் நிக்கும். பேந்து அதுகளுக்கு என்ன சொன்னனீங்கள்?

— வெள்ளையளோட ஒத்துவரேல்லை, தானாவே விட்டிட்டான் எண்டு.

— ஒத்துவந்தது அப்பா. அதுதான் பகிடி. கல்ஃப் சண்டையில மூண்டு மாசம் எட்டுப் பேர் ஒரு ட்ரக்குக்குள்ள படுத்தெழும்பினனாங்கள். என்னைப் பற்றி அதில ரெண்டு பேருக்குத் தெரியும். நான் ஆரோட இருந்தா அவங்களுக்கென்ன, ரேடியோ வேலை செய்தாச் சரி எண்டவங்கள். என்னை நிப்பாட்டினது அவங்கள் இல்லை. மண்ணே மிதிக்காமல் மேசையில இருந்தவங்கள். ரெண்டு நாள் ஒரு அறைக்குள்ள வச்சு விசாரிச்சவை. என்ன கேட்டவை எண்டு தெரியுமே?

— உதுகளை எனக்குச் சொல்லாதை.

— ஏன், கேக்க வெக்கமா? எனக்கு இருபத்தஞ்சு வயசு. கல்ஃபுக்குப் போன மெடலையும் குத்திக்கொண்டு போனனான். உங்களில புருசன் ஆர், பெண்சாதி ஆர் எண்டு கேட்டவன் ஒருத்தன். மற்றவன் அதை எழுதினவன். நான் இருந்து பதில் சொன்னனான் அப்பா. நீங்கள் இருந்து கேக்கலாம்.

— சரி. சொல்லு.

— நான் கே இல்லை எண்டு மூண்டாந்தரம் சொல்லேக்கதான் என்ர கஸ்பர் எனக்கு எழுதின காயிதத்தை மேசையில போட்டவங்கள். இங்கிலீஷில. முதல் வரியிலேயே எனக்கு விளங்கிச்சு, இது ஆற்ற இங்கிலீஷ் எண்டு. "உன்ர காயிதம் கண்டாப் பிறகுதான் நெஞ்சு ஆறிச்சு" எண்டு அவன் எழுதினதை, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று மனம் நிம்மதியுற்றது எண்டு, காணிக் கந்தோருக்குப் பதில் போட்ட மாதிரி ஆரோ சொல்லியிருக்கு. உலகத்தில அந்த இங்கிலீஷ் கதைக்கிறது ஒரு ஆள்தான்.

— என்ர இங்கிலீஷுக்கு ஒரு வெள்ளையனும் குறை சொன்னதில்லை.

— குறை சொல்லேல்லை. உங்களைக் கொண்டு சொல்லுவிச்சவனிலதான் எனக்குக் கோவம். வயசு போன ஒரு தேப்பனைக் கதிரையில இருத்தி, அவற்ற மகனுக்கு வந்த காயிதத்தை அவரைக்கொண்டே வாசிப்பிச்சவன். என்ன சொல்லி வெருட்டியிருப்பான் எண்டு எத்தினை நாள் படுத்துக் கிடந்து யோசிச்சிருப்பன்.

— இப்ப என்னத்துக்கு உதெல்லாம்? ஆறு வருசம் போச்சு.

— போன மாசம் ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமைக் கோட்டில நாலு பேர் வெண்டிட்டினம். உதுக்காக ஆக்களை ஆமியால கலைச்சது பிழை எண்டு தீர்ப்பு. இனிக் கே எண்டு சொல்லிப்போட்டே ஆமியில இருக்கலாம், சட்டம் மாறப்போகுது. எனக்கு முப்பத்தொண்டு. என்னைத் திருப்பி எடுங்கோ எண்டு கேக்கப்போறன்.

— திருப்பிப் போகப்போறியோ? உன்னைக் கலைச்சவையிட்டயோ?

— ஓம். குரொய்டனில ஒரு கடைவாசலில செக்யூரிட்டி உடுப்போட நிக்கிறன் அப்பா. வாற போற பெட்டையளின்ர பையைத் திறந்து பாக்கிறது என்ர வேலை. எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்டுதான். அதை நான் நல்லாச் செய்தனான். திரும்பிப் போனா ஒளிக்காமல் போவன். இல்லாட்டி எனக்கு உந்த நாடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.

— அதுக்கு உந்த "வெருட்டி" வேணுமோ?

— வேணும். குடும்பத்தை வெருட்டி எடுத்த சாட்சி எண்டு நிரூபிச்சா என்ர கேஸ் பலம் எண்டு லோயர் சொல்லுறார்.

— அவர் என்னத்துக்கு வந்தவர் எண்டு உனக்குத் தெரியுமே?

— தெரியும். எனக்கு ப்ரமோஷன் தாறதுக்கு. ரகசியமான ரேடியோ வேலை தர முன்னம் வீட்டு ஆக்களை விசாரிக்கிறது வழமை. குடிக்கிறானோ, கடன் இருக்கோ, ஆரோட பழகிறான் எண்டு நாலு கேள்வி கேட்டிட்டுப் போறது.

— ஓம். ஆரோட பழகிறான் எண்டுதான் கேட்டவர். அந்தக் கேள்வி அதுக்கு முன்னமும் ஒருக்கா என்னட்ட வந்தது.

— பரமு அண்ணை.

— எண்பத்தி நாலில, ஊரில. கொண்ணை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். வாசலில ஜீப். உன்ர மகன் ஆரோட பழகிறவன் எண்டு ஆமிக்காரன் கேட்டான். தெரியாது எண்டனான். திருப்பியும் கேட்டான். எனக்கு அவன்ர சிநேகிதப் பெடியள் நாலு பேரின்ர பேரும் தெரியும், வீடும் தெரியும். அதில ஒருத்தரும் இயக்கமில்லை, ரியூசனுக்குப் போற பெடியள். ஆனாத் தெரியாது எண்டனான். தேப்பனுக்கே தெரியாட்டி இயக்கம்தான் எண்டு ஏத்திக்கொண்டு போனாங்கள். பதினைஞ்சு வருசமாப் போச்சு. கொம்மா இண்டைக்கும் அவன்ர பேரிலதான் அரிச்சனை செய்யப் போயிருக்கிறா.

— தெரியும் அப்பா.

— உனக்கு என்ன தெரியும்? வாய் திறக்காததாலதான் அவன் போனவன். அப்பிடியிருக்க, லண்டனில ஒரு ஆமிக்காரன் என்ர முன்னறையில வந்திருந்து, மற்ற மகன் ஆரோட பழகிறவன் எண்டு கேக்கிறான். தமிழ்ப் பெடியன், வெள்ளைக்காரன்ர ஆமிக்குள்ள, ரேடியோ வேலை. இவன் இயக்கத்துக்கு ஆள் எண்டு ஆரோ மொட்டைக் கடிதம் போட்டிட்டான் எண்டுதான் எனக்கு ஓடிச்சு.

— அந்த ஆள் இயக்கம் எண்டு சொன்னவரோ?

— இல்லை. அந்தச் சொல்லே அவற்ற வாயில வரேல்லை. சும்மா சொல்லப்படாது, மரியாதையான மனிசன். சப்பாத்தை வெளியில கழட்டிப்போட்டுத்தான் உள்ள வந்தவர். நான் பயந்தனான் தம்பி. அது வேற, அவர் வெருட்டினது எண்டுறது வேற.

— அப்ப காயிதங்களை அந்த ஆள் எடுக்கேல்லை.

— உன்ர அலுமாரிக்குள்ள இருந்து நான்தான் கொண்டுவந்தனான். இஞ்ச பாருங்கோ, இவன் பழகிறது இந்த ஒரு ஆளோடதான், இதில இயக்கம் ஒரு வரியும் இல்லை எண்டு.

— சரி. பயத்தில செய்திட்டீங்கள். ஒரு பெட்டை எழுதின காயிதம் எண்டு நினைச்சிருப்பீங்கள்.

— தேத்தண்ணி ஆறுது.

— அப்பா. பெட்டை எண்டுதானே நினைச்சனீங்கள்?

— அதுக்கு ஆறு மாசம் முன்னமே காயிதம், உன்ர விலாசக் கொப்பி, எல்லாத்தையும் வாசிச்சிட்டன். கொம்மாக்குச் சொல்லேல்லை.

— தெரிஞ்சுகொண்டோ குடுத்தனீங்கள்?

— வெக்கத்தில ஒருத்தரும் சாகிறேல்லை எண்டு நினைச்சன். இயக்கம் எண்டு பிடிச்சா ஆள் திரும்பி வராது. ஒருத்தனைக் குடுத்தாச்சு. மற்றவனாவது வெக்கத்தோடயெண்டாலும் வீட்டை வரட்டும் எண்டு நினைச்சன்.

— வந்தனான்தானே. கதவைத் திறந்தனீங்களோ?

— இல்லை.

— கஸ்பருக்கு என்ன நடந்தது எண்டு தெரியுமே? ஸ்ட்ரெதமில ஏழு தமிழ்ப் பெடியளோட ஒரு வீட்டில இருந்தவன், பஸ் ஓடினவன். அவனையும் விசாரிக்க ஆக்கள் போனவை. வீடு முழுக்க நிண்டு கேட்டது. ஒரு கிழமைக்குள்ள தமையன் வந்து கூட்டிக்கொண்டு போய், கனடாவில றோஸ்மலர் எண்டு ஒரு பிள்ளையைக் கட்டிவச்சிட்டான். எனக்கு ஒரு காயிதமும் இல்லை. எழுதப் பயந்திருப்பான், ஆர் வாசிப்பினமோ எண்டு.

— அந்தப் பெடியன் பாவம்.

— அந்தப் பிள்ளையும் பாவம். சரி, விடுங்கோ. என்னெண்டாலும் ஒரு பிள்ளையைத் துலைச்ச பயம். எனக்கு அது விளங்குது. "வெருட்டி" எண்டதை இந்தா வெட்டுறன். நீங்களாவே குடுத்தது எண்டு போடுறன். ஆனா கடைசி வரி நிக்கட்டும்.

— கடைசி வரி என்ன?

— "மகனின் சிநேகிதரின் முழுப் பேரையும் விலாசத்தையும் அதிகாரி விடாமல் நெருக்கிக் கேட்டு எழுதி எடுத்தார்." கஸ்பர் காயிதத்தில "க" எண்டு மட்டும்தான் போடுறவன். விலாசம் ஒரு நாளும் எழுதினதில்லை. ஆனா அந்த ஆளின்ர நோட்ஸில முழுப் பேர், வீட்டு நம்பர், தெரு எல்லாம் கிடந்தது. உங்களிட்ட நெருக்கிக் கேக்காமல் அது வந்திருக்கேலாது. அதிலதான் லோயர் பிடிச்சு நிக்கிறார். எனக்கு உங்களில கோவம் இல்லை அப்பா, சத்தியமா. ஆறு வருசமா அந்த ஒரு மனிசனைத்தான் திட்டித் திட்டி உயிரோட இருக்கிறன். இதுக்காவது சைன் பண்ணுங்கோ.

— அந்த மனிசனைத் திட்டாதை.

— வேற ஆரைத் திட்டுறது?

— ரெண்டு வரி நான் சொல்லவே, போதும் எண்டு கையைக் காட்டினவர். கொப்பியை மூடிப் பையில வச்சிட்டார். மிஸ்டர் ஞானரட்ணம், எனக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் சொன்னது ஒண்டும் என்ர காதில விழேல்லை, இதுகளை எரிச்சுப்போடுங்கோ, உங்கட மகன் நல்ல சோல்ஜர் எண்டிட்டு எழும்பினவர்.

— என்ன சொல்லுறீங்கள்?

— எழுதாமல் போறான், அப்ப நான் சொன்னதை நம்பேல்லை எண்டு நினைச்சன் தம்பி. வாசல்வரைக்கும் போன மனிசனைக் கையில பிடிச்சு இழுத்துவந்து இருத்தி, கொப்பியைத் திறக்கச் சொல்லி, காயிதம் முழுக்கச் சொல்லி, கஸ்பரின்ர பேரையும் விலாசத்தையும் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லி எழுதுவிச்சது நான்தான்.