கஞ்சி கலரு

— தாலி எங்கடி?

— அத்த? வாங்க வாங்க. எண்ணூர்ல இருந்து இந்த வெயில்லயா வந்தீங்க? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே.

— நீ வருவ. போன் பண்ணா ரெண்டு வார்த்த பேசாம வெச்சிட்றவ, நீ வருவ. தாலி எங்கன்னு கேட்டேன்.

— ‘எங்கடி’ங்குறீங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து ஒரு தடவை கூட என்னை ‘டி’ போட்டுக் கூப்ட்டதில்ல நீங்க.

— ஜானட்டு. எனக்கு மூச்சு வாங்குது. பேச்ச மாத்தாத.

— மொதல்ல உக்காருங்க அத்த. தண்ணி கொண்டாரேன்.

— தண்ணி வாணாம். உன் கழுத்த மூடிக்கீற. கைல வளையல் இல்ல. தலையில ஒரு பூவு இல்ல. இன்னா நெறம்டி இது? ஆஸ்பத்திரில சீக்காளிக்கு ஊத்துவாங்களே கஞ்சி, அந்த நெறம். சட்ட யாருது, எம்புள்ளதா?

— என்னோடதுதான். கொஞ்சம் பெருசா வாங்கினேன்.

— இஸ்திரி கூட போடல.

— லினன் துணி அத்த. சுருங்கித்தான் இருக்கும். அதுதான் அதுக்கு அழகே.

— அழகு பாக்குற நெலமையா இது? அங்க கட்டில் மேல இன்னா? உன் பச்ச சேல, மஞ்ச சுடிதாரு, எல்லாத்தயும் மூட்ட கட்டி வெச்சிக்கீற. யாருக்கு?

— குடுத்துடலாம்னு... கோயில் மாதர் சங்கத்துல கேட்டாங்க.

— குடுத்துடலாம்னு.

— ஆமா.

— மாதாவே. எனக்கும் இப்டித்தான் கட்னாங்க. உன் மாமனார் ஒடம்ப ஹார்பர்ல இருந்து வூட்டுக்கு எட்தாறதுக்கு முன்னாடியே, பொம்பளைங்க வந்து என் சேலையெல்லாம் மூட்ட கட்டிட்டாங்க. ஏன் கட்டுறீங்க, ஏன் கட்டுறீங்கன்னு நான் கேட்டுகினே கீறேன். ஒருத்தியும் வாயத் தொறக்கல. இப்ப நீ நிக்கிற மாதிரியேதான் நின்னாங்க. பேசு.

— அத்த, நீங்க என்ன நெனச்சிகினு வந்திருக்கீங்க?

— எம்புள்ள கொரலு என் காதுல வுழுந்து எத்தினி நாளாச்சி? எந்தக் கடல்ல இருந்தாலும் ஞாயித்துக்கெழம ஆனா ஒரு வார்த்த பேசிடுவான். உன்னக் கேட்டா நல்லாகீறாரு, நல்லாகீறாருன்ற. சொல்லிட்டு டக்குனு வெச்சிட்ற. இன்னிக்கு காலைல என் பொண்ணு புருசன் காசிமேட்டுக்கு மீனு வாங்கப் போனான். அங்க ஒருத்தி அவன்கிட்ட சொல்லிக்கீறா, ராயபுரத்துல உங்க மச்சான் பொண்டாட்டி, பாவம், சின்ன வயசுன்னு. அவன் வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லவும் முடியாம, மீன உள்ள வெக்கவும் முடியாம வாசல்லயே நின்னான். புடிச்சி உலுக்கிக் கேட்டப்புறம்தான் சொன்னான். நான் பஸ் ஏறிட்டேன். வழி பூரா ஒண்ணே ஒண்ணுதான் வேண்டிகினேன். அவ கழுத்துல தாலி இருக்கட்டும் மாதாவேன்னு.

— ஐயோ அத்த...

— உண்மையச் சொல்லு. நான் தாங்கிக்குவேன். எம்புள்ள சாவியோ போய்ட்டானா?

— இல்ல! அத்த, இல்ல! கையக் குடுங்க. இந்தக் காலருக்குள்ள வுடுங்க. இன்னும் உள்ள. இருக்கா?

— சூடா கீது.

— என் ஒடம்பு சூடுதான் அது. கழுத்து வரைக்கும் பனியன், அதுக்கு மேல சட்டை, அதுக்கும் மேல பொத்தான் போடாத கம்பளி ஸ்வெட்டர். தாலியும் உள்ள மாட்டிகிச்சு, நானும் மாட்டிகிட்டேன். வேர்க்குருல செத்துகினு இருக்கேன்.

— அந்த வார்த்தைய சொல்லாத.

— சரி, சொல்லல.

— எம்புள்ள?

— கப்பல்ல இருக்காரு. நல்லா தின்னு தொப்பை போட்டுகினு இருக்காரு.

— இதத்தான் போன்லயும் சொன்ன. எனக்கு கொரலு வோணும்.

— நடுக்கடல்ல இருக்காரு, இப்பக் கூப்ட்டா கெடைக்காது. சிக்னல் வர்றப்ப பேசி அனுப்புவாரு. காலைல அனுப்பினது ஒண்ணு இருக்கு. ஆனா அதுல...

— போடு.

— அதுல வேற ஒரு விசயமும் இருக்கு அத்த. அதை நானே ஒழுங்கா உக்காந்து...

— போட்றியா, செவுத்துல முட்டிக்கவா?

— “ஜானு, அந்த கம்பளி சோக்கா கீது உனுக்கு. ஆனா ராயபுரம் வெயில்ல போட்டுகினு மயக்கம் போட்டு வுழுந்துடாத. டென்மார்க்ல போய் எறங்குற அன்னிக்கு போட்டா போதும். அம்மாகிட்ட சொல்லிட்டியா? நீயே சொல்லு. அம்மா கொரலக் கேட்டா எனக்கு நெஞ்சு அடச்சிக்குது, அதான் போனே பண்ணல. சரி, கூப்பிடுறாங்க. வெக்கிறேன்.”

— இன்னொரு வாட்டி போடு.

— நானே சொல்லணும்னுதான் அத்த, ஒவ்வொரு தடவை நீங்க பேசும்போதும்...

— போடும்மா.

— “ஜானு, அந்த கம்பளி சோக்கா கீது உனுக்கு. ஆனா ராயபுரம் வெயில்ல...”

— நடுவுல இருமுறான் பாத்தியா? குளுர்ல காத மூடாம நிக்கிறான். சின்னப் புள்ளையில இருந்தே அப்டித்தான்.

— அழுவாதீங்க.

— அழுவல. இதுக்குப் பேரு அழுவ இல்ல. கொஞ்ச நேரம் சும்மா வுடு.

— ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?

— நீ மொதல்ல அந்தக் கம்பளியக் கழட்டு. பாக்குற எனக்கு வேர்க்குது.

— கழட்டிட்டேன்.

— டென்மார்க்கு எங்க கீது?

— ஐரோப்பாவுல, வடக்கால. ரொம்பக் குளுர். அங்க கப்பல் ரிப்பேர் பண்ற எடத்துல அவருக்கு வேலை கெடச்சிருக்கு. தரை வேலை அத்த. இனிமே கடலுக்குப் போக வேணாம். என்னையும் கூட்டிகினு போறாரு. வீசா வந்துடுச்சு. உங்களுக்கு யாரு சொல்றதுன்னு அவரு என் மேல தள்ள, நான் அவரு மேல தள்ள...

— தரையிலயா வேல?

— தரையிலதான்.

— புயல் கியல்?

— ஒண்ணும் கெடையாது. சாயங்காலம் ஆனா வீடு. கோவமா அத்த?

— அவன் ஒடம்பு வர்ற பொட்டிய எங்க எறக்குவாங்க, ஏர்போர்ட்லயா ஹார்பர்லயான்னு யோசிச்சிகினு பஸ்ல வந்தவ நானு. நீ இன்னாடான்னா டென்மார்க்குன்ற. எங்கனா இருக்கட்டும்மா. நிலாவுல கூட இருக்கட்டும். மூச்சு வுட்டுகினு இருந்தா போதும்.

— இவ்ளோ சுளுவா விட்டுடுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.

— அன்னிக்கே சொல்லியிருந்தா வுட்டிருக்க மாட்டேன். ஒப்பாரி வெச்சி ரெண்டு பேரையும் உக்கார வெச்சிருப்பேன். இன்னிக்கு எனக்கு கேக்குற தெம்பு இல்ல, குடுக்குற மனசுதான் கீது. சரி, டென்மார்க்குக்கும் இந்தக் கஞ்சி கலருக்கும் இன்னா?

— அங்க இப்படித்தான் உடுத்துறாங்க. ஸ்காண்டிநேவியன் ஸ்டைல்னு பேரு. சாம்பல், வெள்ளை, கருப்பு, இந்த ஓட்ஸ் கலரு. பூப்போட்ட துணி, ஜிகினா, எதுவும் கெடையாது. லூசா, ஒண்ணு மேல ஒண்ணா போடுவாங்க.

— பாவம், இல்லாதப்பட்டவங்களா?

— ரொம்ப வசதியானவங்க அத்த.

— அப்றம் இன்னா கேடு அவங்களுக்கு?

— சிரிக்காதீங்க. அவரு கூட வேலை செய்யப்போறவங்க குடும்பத்தோட ஒரு தடவை வீடியோல பேசினேன். நான் அந்த மஞ்ச சுடிதார், ஜிமிக்கி, தலை நெறைய பூ. அங்க ஒரு பொண்ணு கேட்டா, இன்னிக்கு உங்க ஊர்ல என்ன பண்டிகைன்னு. நல்லவிதமாத்தான் கேட்டா. அன்னிக்கு ஒண்ணுமே இல்ல அத்த. சும்மா ஒரு செவ்வாக்கெழமை.

— அவளுக்காகவா இப்டி மாறிட்ட?

— மொதல்ல அவளுக்காகத்தான். போட்டுப் பழகிக்கலாம்னு பாரிமுனையில தேடித் தேடி வாங்கினேன். அப்புறம் ஒரு நாள் கண்ணாடில பாத்தேன். எப்படிச் சொல்றது... ரொம்ப நாளா பக்கத்துல யாரோ ரேடியோவ அலற வுட்டிருந்து, திடீர்னு அணைச்ச மாதிரி இருந்துது. எனக்கே பிடிச்சுப் போச்சு.

— இத்தினி வருசமா நான் கட்டிகினு கீற வெள்ளைய, அந்த ஊர்ல ஸ்டைலுன்றாங்க.

— உங்களுக்கு கேக்காம கட்டி வுட்டாங்க அத்த. இது நானே தேடி வாங்கினது.

— ம்.

— யாரோ கதவத் தட்டுறாங்க அத்த.

— ஜானட்டு! இந்தாம்மே ஜானட்டு! கதவத் தொற, கை சுடுது!

— மலிகாக்கா. வாங்க. எதுக்குக்கா இன்னிக்கும் சாப்பாடு? இந்த வாரம் பூரா நீங்களே...

— நீ பேசாத கண்ணு. இட்லியும் வெறும் ரசமும்தான், ரெண்டு வாயி போட்டுக்கோ. ஐயோ, ஹில்டாக்கா! நீ வந்துட்டியா! எக்கா! பெத்த வயிறு பத்தி எரியுமே எக்கா! தங்கமாட்டம் புள்ளையாச்சே...

— ஏய் மலிகா, நிறுத்து. எம்புள்ள உசுரோட கீறான்.

— ...இன்னாது?

— உசுரோட கீறான். இப்பத்தான் கேட்டேன். இருமுறான்.

— அப்ப இந்தப் பொண்ணு ஏன் வாரம் பூரா இந்தக் கோலத்துல சுத்துது? பூக்காரி கூப்ட்டா வாணாம்னுட்டு போவுது. நானு நெனச்சேன், எங்கயோ கடல்ல ஆயிட்ச்சி, கம்பெனிக்காரன் இன்னும் வெளிய சொல்லலன்னு. சாவு வூட்ல அடுப்பு மூட்டக் கூடாதேன்னு நானும் எதுத்த வூட்டு ஹஃப்சாவும் மாத்தி மாத்தி ஆக்கிப் போட்டுகினு கீறோம்!

— எனக்கு மூளையே இல்லக்கா. மீன் விக்கிற உங்க வீட்டுல இருந்து வாரம் பூரா மீன் இல்லாத சாப்பாடு வருது. அப்பவே யோசிச்சிருக்கணும்.

— நீ இன்னான்னு நெனச்ச?

— பாசம்னு நெனச்சேன்.

— பாசந்தான்டி பேமானி! ஒரு வார்த்த கேட்டா நீ ஒடஞ்சி பூடுவியேன்னு தெருவே கேக்காம கெடக்குது. அவங்கவங்க வூட்ல டிவிய கூட சத்தம் கம்மியா வெச்சிகினு கீறாங்க.

— கேட்டிருக்கலாம் மலிகா. ஒருத்தி கேட்டிருந்தா எனக்கு பாதி உசுரு மிச்சம்.

— எக்கா... ஐயையோ எக்கா.

— இன்னா?

— திட்டாத. நாளைக்கி மொதப் பூச.

— அதுக்கு?

— கோயில் உபதேசியாரு அருள்பிரகாசத்துகிட்ட சாவியோ பேரக் குடுத்துட்டேன். செத்தவங்களுக்கு வெக்கிற ஆத்தும இளைப்பாற்றிக்கி. சாமியாரு பீடத்துல வாசிப்பாரு. தெருவே வருது. மாலை வேற சொல்லிட்டாங்க.

— மலிகாக்கா!

— நல்ல மனசுலதான்டி செஞ்சேன்! இப்பவே ஓடிப் போயி பேர எடுக்கச் சொல்றேன்.

— எடுக்காத.

— எக்கா?

— பேரு இருக்கட்டும். இளைப்பாற்றி வாணாம், நன்றிப் பூசைன்னு மாத்தச் சொல்லு. மாலைய மாதாவுக்குப் போட்டுக்கலாம்.

— மாத்திடலாம். ஆனா தெரு நம்பணுமே. பாவம், பெத்தவ மனசத் தேத்திக்க எதையோ பேசுறான்னு சொல்லுவாங்க. இந்தப் பொண்ணும் இதே கோலத்துல வந்து கோயில்ல நின்னுச்சின்னா எவ நம்புவா?

— நான் கலர்லயே வரேன்க்கா. அத்த, அவரு மொத தடவை கப்பல் எறங்கி வந்தப்ப உங்களுக்குன்னு வாங்கியாந்தாரே, ராணி கலர் பட்டு. எனக்கு ஆவாதுன்னு சொல்லி எங்கிட்ட குடுத்துட்டீங்க. அதைக் கட்டிகினு முன் பெஞ்சுல வந்து உக்காறேன். பாக்குறவங்களுக்குப் புரிஞ்சிடும்.

— அதையும் அந்த மூட்டையில போட்டுட்டியா?

— இல்ல. அது மட்டும் தனியா வெச்சிருக்கேன். நான் ஒரு தடவை கூட கட்டல. யாருக்கும் குடுக்கவும் மனசு வரல.

— எடு. பாக்கலாம்.

— இந்தாங்க.

— மடிப்பு கூட கலையல.

— எம்மாடி, இன்னா கலரு எக்கா! இத்தக் கட்டிகினு இவ உள்ள நொழஞ்சா ஒவ்வொருத்தி வாயும் கப்புனு மூடிக்கும்.

— அவ எதுக்குக் கட்டணும்? இருந்து இருந்து புடிச்சதப் போட்டுகினு கீது பொண்ணு. அந்தக் கஞ்சி கலர்லயே வரட்டும்.

— அப்ப இந்தச் சேலை அத்த?

— எம்புள்ள எனக்கு வாங்கினது. நான் கட்டிகினு வரேன்.