அகராதி அக்கா படியேறியது எதற்காக

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, எங்கள் கம்பெனியின் மேலாளர் ஐயா அவர்களே, அக்காவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் நாங்கள் தம்பி அண்ணன் என்று கூப்பிடும் அவருடைய தம்பி அவர்களே, மூன்றாம் மாடியில் என்னோடு வேலை செய்யும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. நூல் வெட்டும் மேசையில்கூட நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கிறேன். குரல் நின்று நின்று வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகராதி அக்கா! அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கழிவறைக்குப் போக டோக்கன் எதற்கு என்று அவர் கேட்டபோது, பழைய சூப்பர்வைசர், "ரொம்பத்தான் அகராதி பிடிச்சவ நீ" என்று கத்தினார். மறுநாள் அக்கா பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு தடித்த ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பிடிச்சிட்டேன் சார். இப்ப என்னங்கறீங்க?" என்றார். மாடி முழுக்கச் சிரித்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, எப்படி உருமாறியது என்று சொல்லும் அகராதி அது. விளையாட்டுக்கு வாங்கியவர் அதை விடவே இல்லை. சட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்க்கும் செக்கர் அல்லவா அவர்! சொற்களையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

படிவாசலில் ஒரு பாதுகாப்புப் பலகை தொங்கியது. கம்பெனி அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அக்கா எழுதினார். காலையில் ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதுவார். அதன் கதையை வேலை முடிந்த பிறகு, படிவாசலில் எல்லோரும் கூடிய பிறகுதான் சொல்வார். சொல்லுக்குக் கீழே ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை எண்கள் இருக்கும். ஆளுக்கு ஓர் எண். முன்னதாகக் கிளம்புகிறவர் தன் எண்ணைத் தானே அழித்துவிட்டுப் போக வேண்டும். நாம் கதை கேட்கக் கூடினோம். அவர் தலைகளை எண்ணினார். கம்பெனியில் நம்மை வேறு யார் எண்ணினார்கள்? உருப்படிகளை எண்ணினார்கள். ஆட்களை எண்ணியது அவர் ஒருவர்தான்.

'மஸில்' என்றால் பழைய மொழியில் குட்டி எலி என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? "அண்ணே, கைய மடக்குங்க, எலி ஓடுதான்னு பாப்போம்" என்று அயர்ன் அண்ணனை இழுத்து நிறுத்தினார். "எங்கம்மா ஓடும்? நம்ம கேன்டீன் சோத்துக்கு அது எப்பவோ செத்துப்போச்சு" என்றார் அண்ணன். 'நைஸ்' என்ற சொல் ஆதியில் ஒன்றும் தெரியாதவனைக் குறித்தது என்றார். அதன் பிறகு மேலாளர் ஐயா எந்தச் சட்டையைப் பார்த்து நைஸ் என்றாலும் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். 'க்ளூ' என்பது முதலில் நூல்கண்டு. சிக்கலான வழிகளில் மாட்டிக்கொண்ட ஒருவன் நூலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தானாம். "நூல் வெட்டுற பிள்ளைகளா, இது உங்க வார்த்தைடி" என்றார்.

ஒரு வாரம் 'விண்டோ' என்று எழுதினார். அது காற்றின் கண். வடக்கே கடலோடிகள் பேசிய மொழியிலிருந்து வந்ததாம். கதையைச் சொல்லிவிட்டுப் பலகையிலும் எழுதினார்: "நம் மாடிக்கு ஏழு கண். ஏழும் குருடு." ஏழு ஜன்னல்களும் ஆணி அடித்து மூடிக் கிடந்தன, தூசி வந்து துணி அழுக்காகிவிடும் என்று. மேலாளர் ஐயா, நீங்களே வந்து அதை அழித்தீர்கள். "இங்க என்ன இங்கிலீஷ் கிளாஸா நடக்குது?" என்று கேட்டீர்கள். மறுநாளும் அதையே எழுதினார். ஐந்து நாள் எழுதினார். ஐந்து நாளும் அழிக்கப்பட்டது.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. அன்று பலகையில் என்ன சொல் இருந்தது? எனக்குத் தெரியாது. யாருக்கும் நினைவில்லை. பலகையும் எரிந்துவிட்டது.

சற்று முன் மேலாளர் ஐயா இந்த மேடையில் பேசினார். அக்கா பத்திரமாகக் கீழே வந்துவிட்டார் என்றும், புத்தகத்தின் மேலிருந்த ஆசையால் மறுபடி மேலே போனார் என்றும் சொன்னார். கம்பெனி அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது: சொந்த அஜாக்கிரதை. அந்த அகராதி அன்று அக்காவின் வீட்டில் அலமாரிமேல் இருந்தது. தம்பி அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாருங்கள்!

அப்படியானால் அக்கா எதற்காகப் படியேறினார்?

எனக்காக ஏறினார். என் எண் இருபத்தேழு. அன்று எனக்கு வயிற்றுவலி. எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பலகையருகே பேக்கிங் அண்ணன்கள் நான்கு பேர் நின்றார்கள். கொஞ்சம் நகருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எண்ணை அழிக்காமல், சரக்கு இறக்கும் பின்படி வழியாக நழுவிவிட்டேன். கால்மணி நேரத்தில் அயர்ன் மேசையில் ஒயர் பற்றிக்கொண்டது. தெருவில் நின்று அக்கா எண்ணினார். நாற்பத்தொன்று. "இருபத்தேழு எங்கடி? அழிக்கலியே! அவ கூப்பிட்டாலும் சத்தமா பதில் சொல்லமாட்டாளே!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அயர்ன் அண்ணன் முந்தானையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனார். அப்போது நான் வீட்டில் சுருண்டு படுத்திருந்தேன்.

இதை நான் பதினொரு நாளாகச் சொல்லவில்லை. "வாயத் திறக்காதடி, பழி உன் தலையில விழும், வேலையும் போயிரும்" என்றார் அம்மா. "விடும்மா, போனவங்க திரும்பியா வரப்போறாங்க?" என்றார் வாட்ச்மேன் தாத்தா. வரமாட்டார்தான். ஆனால் நாற்பத்திரண்டு பேரையும் ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து அனுப்பியவரை அஜாக்கிரதைக்காரி என்று ஒரு காகிதம் சொல்லிக்கொண்டே இருக்குமே! அவர் தம்பி காலமெல்லாம் அதைப் படிக்க வேண்டுமா?

அக்காவின் வேலையை நாங்கள் விடமாட்டோம். புதுக் கட்டடத்துக்குப் போனாலும் முதல் நாளே பலகை மாட்டுவோம். ஜன்னல்கள் திறந்திருந்தால்தான் மெஷினில் உட்காருவோம். இதை நான் தனியாகச் சொல்லவில்லை, மாடியில் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். கேட்பதற்காக வீடு வீடாகப் போனேன்.

திங்கட்கிழமை காலை விசாரணை அதிகாரி முன் அயர்ன் அண்ணன் வருகிறார். நானும் வருகிறேன். மேலாளர் ஐயா, அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அறிக்கையில் அக்காவின் பெயருக்கு எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உள்ளதை அடித்துவிட்டு, எண்ணை அழிக்காமல் போன பெண்ணைத் தேடிப் போனார் என்று எழுதுங்கள். என் பெயரையும் எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.