‘ஆம்’ என்ற கட்டத்தில் ஒரு குறி

நவம்பர் ஒன்பது, வியாழக்கிழமை. மழை இல்லை, எனினும் வானம் மூடியே கிடந்ததால், ஆய்வகத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

கல்லூரி விசாரணைக் குழுவினருக்கு: நான் வேதியியல் கற்பிப்பவன். பரிந்துரைக் கடிதம் எழுதுவதில் கைதேர்ந்தவன் என்று பெயர் பெற்றவன். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் கடிதத்துடன் சென்றவர்களுள் ஒருவரும் மீண்டும் என்னைப் பார்க்க வந்ததில்லை. இதைக் குறையாகக் கூறவில்லை. கடிதத்தின் பயனே ஒருவரை அனுப்பிவைப்பதுதான்.

இறுதியாண்டு மாணவி ஒருத்தியை வகுப்பில் வாயாடி என்பார்கள். மதிய இடைவேளையில் என் மேசைக்கு எதிரே அமர்ந்து சாப்பிடுவாள். முதல்வர் தும்முவதை நடித்துக் காட்டுவாள். இரண்டாண்டுகளாக அந்த அரைமணி நேரத்தில்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒருநாள், தனக்கு வலிப்பு உண்டென்றும், மாத்திரையால் அது மூன்றாண்டுகளாகக் கட்டுக்குள் இருப்பதாகவும் சொன்னாள். வீட்டாரைத் தவிர வேறெவருக்கும் அது தெரியாது.

மேற்படிப்புக்காக ஏழு இடங்களுக்குக் கடிதம் கேட்டாள்.

“ரொம்பப் புகழ்ந்துடாதீங்க சார், நேர்ல பாத்தா ஏமாந்துடுவாங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “உடம்பு விஷயம் மட்டும் வேணாம்” என்றாள்.

“சரிம்மா” என்றேன்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உடல்நல விவரங்களைத் தெரிவிக்க மாணவர் சம்மதித்தாரா? ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். அவளுடைய கூர்மையை ஒரு பக்கம் முழுவதும் புகழ்ந்தபின், வலிப்பைக் குறிப்பிட்டு, ஆய்வகத்தில் அவளைத் தனியே விடுவது குறித்து நிறுவனம் சிந்தித்தல் நன்று என எழுதினேன். கடிதத்தில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஏழு இடங்களும் மறுத்தன. ஒவ்வொரு மறுப்பு வந்தபோதும் அவள் என் எதிரில் அமர்ந்து அழுதாள். நான் ஆறுதல் கூறினேன். அந்த வாரங்களில் அவள் ஒருநாளும் வரத் தவறவில்லை.

எட்டாவது இடத்துக்கும் என்னிடமே கடிதம் கேட்டாள். மாணவர் கேட்டால் நகலைக் கொடுப்பது அங்கு விதி. அதை நான் கவனிக்கவில்லை.

இன்று, அங்கிருந்து கேட்டு வாங்கிய நகலை மேசைமேல் வைத்தாள். ஏழு கடிதங்களிலும் இதுதான் இருந்ததா என்று கேட்டாள். இதுதான் என்றேன். ஏன் என்று கேட்டாள். நீ போய்விட்டால் எனக்குப் பேச ஆளில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அத என்கிட்ட சொல்லியிருந்தா, எங்க இருந்தாலும் தினம் ஃபோன் பண்ணியிருப்பேனே சார்.”

குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஒன்றைக் குழு கருத்தில் கொள்ள வேண்டும். திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்களே கதவைச் சாத்தாமல் செல்வார்கள். அவள் அவ்வாறே சென்றாள், மாலை நான்கு மணி பதினேழு நிமிடத்துக்கு.