இரண்டாவது மூச்சு

இரவு இரண்டே முக்கால். ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழிச்சாலை. இரண்டு பக்கமும் வீடு கிடையாது, கடை கிடையாது, குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது.

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்டே வாருங்கள். இது என் தோழியின் தாய்மாமனுக்கு நடந்தது. கேஸை நடத்தியது தோழியின் அக்கா. கட்டுக்கதை என்று நினைப்பவள் போய்த் தீர்ப்பு நகலை வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.

மாமா ஆஸ்பத்திரியில் பிண வண்டி ஓட்டுபவர். பத்தொன்பது வருஷம். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் எமன் டிரைவர். “எமனுக்கு எருமை, எனக்கு வேன். ரெண்டு பேருக்கும் ஓவர்டைம் கிடையாது” என்பார்.

அந்த வேலையில் இரண்டு வழக்கம் உண்டு. பிணத்தைத் தூக்கும் முன் ஒரு மடக்கு, நாற்றத்துக்காக. குடிகாரன் என்று சொல்ல வாய் வந்தால், ஐந்து நாள் ஆன உடம்பை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, ஏற்றிய பிறகு பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. பேய்க்குப் பயந்து அல்ல. செத்த உடம்பு காற்றை விடும். சில நேரம் முனகும். அதைக் கேட்டுத் திரும்பியவன் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறான்.

அன்றைக்கு வண்டியில் இருந்தது அத்தை.

மூச்சிரைப்பு என்று சாயங்காலம் சேர்த்தார்கள். ராத்திரி ஒன்றரைக்கு ஒரு டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். இமையைத் தூக்கினார். கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம். தனி அறை எடுத்துப் படுத்தவளாக இருந்தால் ஒரு மணி நேரம் மார்பைப் போட்டு அமுக்கியிருப்பார்கள். விடுங்கள்.

வேறு டிரைவரை எழுப்பலாம் என்றார்கள். “அவள வேற எவனும் தொடக் கூடாது” என்றார் மாமா. வழக்கமான ஒரு மடக்கு போதவில்லை. அரை பாட்டில் உள்ளே போனது. தானே தூக்கி, தானே படுக்க வைத்து, பெல்ட்டை மாட்டி, துணியால் முகத்தை மூடினார்.

புறவழிச்சாலையில் டார்ச் வெளிச்சம். நிறுத்தினார்கள். ஒரு எஸ்.ஐ., ஒரு கான்ஸ்டபிள். மாமா கண்ணாடியை இறக்கியதுமே எஸ்.ஐ. மூக்கைச் சுளித்தார். குழாய் மாட்டிய மெஷினை நீட்டினார்.

மாமா ஊதினார். நூற்று நாற்பத்திரண்டு. முப்பதைத் தாண்டினாலே கேஸ்.

“ஊத்திக் குளிச்சியாய்யா? புதுக் குழாய் மாட்டு, ரெண்டாவது தடவ ஊதணும். பின்னாடி என்ன லோடு? தொற.”

கான்ஸ்டபிள் மெஷினை வாங்கிப் புதுக் குழாய் மாட்டினான். ஒரு கையில் அதோடு பின் கதவைத் திறந்தான். வெள்ளைத் துணியைப் பார்த்தான். மெஷினை ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டிலேயே வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய்விட்டான்.

“யாருய்யா அது?”

“என் வீட்டுக்காரி சார்.”

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார். “ரெண்டாவது ஊத வேணாம், எழுதிட்டு அனுப்பிடறேன். மெஷின்ல ஏறிடுச்சு, நான் ஒண்ணும் பண்ண முடியாது.” லைசென்ஸை வாங்கிக்கொண்டார். எழுத உட்கார்ந்தால் பேனா எழுதவில்லை. உதறினார். ஊதினார். ஜீப்பில் வேறு பேனா தேடினார்…

மாமா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் வாசனை. ஈர மண் வாசனை. அப்போதுதான் வண்டிக்குள்ளிருந்து கேட்டது. மெல்லிசாக… ஸ்ஸ்ஸ்… பூட்டிய கதவின் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி.

கான்ஸ்டபிளின் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே… உள்ள ஏதோ சத்தம்ணே.”

மாமா தலையைத் தூக்கவில்லை. “அது காத்துப்பா. உடம்புல மிச்சம் இருக்கற காத்து. பயப்படாத.”

மறுபடியும் கேட்டது. மறுபடியும் சொன்னார்.

கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டே மெஷினை எடுத்து வந்தான். மூன்று பத்துக்கு விட்டார்கள். மெஷினிலிருந்து வந்த சீட்டில் மாமா பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். கிழித்துக் கொடுத்தவரும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. லைசென்ஸ் ரத்தானால் வேலை போகும். வேலை போனால் ஆஸ்பத்திரி கொடுத்திருந்த இரண்டு அறையும் போகும். பத்தாவது படிக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கே நிற்பது? ஸ்டியரிங் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை.

தோழியின் அக்கா வக்கீலாகி ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. வம்சத்திலேயே கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள். “மாமா, கோர்ட்ல நீங்க வாயத் தெறக்காதீங்க. நான் பேசிக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினாள். அந்தச் சீட்டில் நின்றாள்.

“மாமா, ரெண்டு தடவ ஊதினா எது கம்மியோ அதத்தான் எடுக்கணும்னு சட்டம். இதுல ரெண்டாவது சைபர்னு இருக்கு. ஜெயிச்சிடலாம்!”

“நான் ஒரு தடவதானம்மா ஊதினேன்.”

“அப்ப யாரு…” என்றவள் நிறுத்திக்கொண்டாள். “மெஷின் கோளாறா இருக்கும்.”

மாமா சீட்டையே பார்த்தார். அத்தை போன பிறகு முதன்முறையாகச் சிரித்தார். “கோளாறு இல்லம்மா. உங்க அத்தை ஊதியிருக்கா. எனக்காக. செத்தும் என் பொழப்பு போக விடல பாரு, கெட்டிக்காரி.”

அந்தச் சிரிப்பிலேயே இரண்டு மாசம் ஓட்டினார். டீக்கடையில் சொன்னார், வார்டு பாயிடம் சொன்னார், மகளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் ஆரம்பித்தார். கேஸ் விவரம் கேட்கும்போது அந்தச் சத்தத்தைப் பற்றியும் அக்காவிடம் சொல்லியிருந்தார். செத்த உடம்பு மெஷினில் ஊதுமா என்று அவளுக்கு அப்போதே தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. லைசென்ஸ் முக்கியம்.

கேஸ் நாள். மெஷினில் கோளாறு, அந்த சைபரைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார் அரசு வக்கீல். நிரூபிக்க, மெஷின்களைச் சோதிக்கும் டெக்னீஷியனைக் கூண்டில் ஏற்றினார். ஒடிசலான ஆள். கையில், முத்திரை வைக்கும் முன்பே மெஷினின் நினைவிலிருந்து எடுத்த காகிதம். கண்ணாடித் தாள் கவரில் முத்திரை வைத்து மெஷினும் மேஜைமேல் இருந்தது.

“கோளாறு இல்லீங்க ஐயா” என்றான் அவன். அரசு வக்கீல் முகம் தொங்கிவிட்டது. “ரெண்டு நாப்பத்தேழுக்கு ரெண்டாவது மூச்சு. சாராயம் இல்லாத மூச்சு.”

“காத்து கீத்து பட்டிருக்குமா?” என்றார் நீதிபதி.

“இல்லீங்க ஐயா. சூடும் பதிவாகும். முப்பத்திநாலு டிகிரி. உயிருள்ள ஆள் ஊதின மூச்சு.”

அக்கா மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

இரண்டில் குறைந்தது சைபர். வழக்குத் தள்ளுபடி. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு. எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. குமாஸ்தா லைசென்ஸை மாமா கையில் வைத்தார். மாமா அதைப் பார்க்கவே இல்லை. நேராக டெக்னீஷியனிடம் போனார்.

“தம்பி… அதுக்கப்புறம் ஏதாவது இருக்கா அதுல?”

அவன் தயங்கினான். அக்கா தலையசைத்து வேண்டாம் என்றாள். மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு அம்பத்திரண்டு… ரெண்டு அம்பத்தெட்டு… மூணு மூணு…” அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. “மூணு ஒம்பதுதான் கடைசிங்க. அதுல நம்பர் விழல. மூச்சு பத்தாதபோது மெஷின் நம்பர் போடாது, எழுத்துல காட்டும்.”

“என்னன்னு?”

“மூச்சு போதவில்லை. மீண்டும் ஊதவும்.”

மாமா அழவில்லை. பிடித்திருந்த கையை விட்டார். “நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னவென்று அக்காவும் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு மாசமாக முத்திரை உடைக்காத கவர். உள்ளே, குழாயின் வாய்க்கு நேராகக் கண்ணாடித் தாளில், சின்ன வட்டமாக ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது… மறைந்தது…

மறுபடியும் படிந்தது.