அட்டைப்படத்தில் ஒரு முழங்கை

இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சிஸ்டர் பெனிக்னா எழுதிக் கொடுத்த வரவேற்புரை நான்காக மடித்து என் மேலங்கிப் பையில் இருக்கிறது. நாளை மூன்று மணிக்கு ஆலய மண்டபத்தில் நான் படிக்க வேண்டியது அதைத்தான். இது வேறு உரை. வாய் திறந்து இதைச் சொல்வேனா, மாட்டேனா என்பது எனக்கே தெரியாது.

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய ஃபாதர் ஹேன்லி அவர்களே! அவர் அருகே முதுகு வளையாமல் வீற்றிருக்கும் சிஸ்டர் பெனிக்னா அவர்களே! விழாக் குழுவின் தூண்களே, துணைத் தூண்களே! ஒரு ஞாயிறும் தவறாமல் திருப்பலிக்கு வந்து, ஒரு ஞாயிறும் தவறாமல் அது முடியும் முன்பே வெளியேறும் பெரியோர்களே! கைப்பையை மடியில் இறுகப் பிடித்திருக்கும் தாய்மார்களே! லண்டனிலிருந்து வந்து, சலவைச் சட்டையில் எங்களைத் திகைக்க வைத்திருக்கும் ‘ஒழுகும் கூரை’ இசைக்குழுவினரே! கடைசியாக, மண்டபத்தின் பின்கோடியில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பவரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்று ஒரு பித்தளைப் பலகையைத் திறந்து வைக்கிறோம். அதில் நான்கு பெயர்கள். நம் சிற்றூர் கில்ப்ராக் பெற்றெடுத்த நான்கு செல்வங்கள். இந்த ஊர் முதல் நாளிலிருந்தே அவர்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது என்று எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொண்டாடவில்லையா? கொண்டாடினோமே!

‘ஃபாதரின் காரில் மட்டும் வெப்பம்’ என்ற பாட்டு வெளிவந்த வாரம் நினைவிருக்கிறதா? நம் தலைவர் பீடத்தில் நின்று, “அந்த இசைத்தட்டு இருக்கிற வீட்டுல பிசாசு குடியிருக்கு” என்று முழங்கினார். அதுவரை அப்படி ஒரு தட்டு வந்திருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மறுநாள் காலை திருமதி கீஹனின் கடையில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

“அந்த... ஃபாதர் சொன்னாரே, அது இருக்கா?”

“மெல்லப் பேசுங்க. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி இருக்கு. எத்தனை பிசாசு வேணும்?”

“ரெண்டு குடுங்க. எங்க அக்கா வீட்டுலயும் ஒண்ணு குடியிருக்கட்டும்.”

மூன்றாவது வரிசையில் இருமுகிறவரே, பயப்படாதீர்கள். உங்கள் பெயரைத் திருமதி கீஹன் சொன்னார், நான் சொல்ல மாட்டேன். எந்த வானொலி செய்தது இப்படி ஒரு தொண்டு? எந்தச் செய்தித்தாள் செய்தது? நம் தலைவர் அல்லவா செய்தார்! அவருக்கு ஒரு கைதட்டல்.

அந்தக் குழு பிறந்த கதைக்கு வருகிறேன். லண்டனில், கில்பர்ன் பகுதியில், ஒரு மதுக்கடையின் நிலவறை. பகலெல்லாம் கான்கிரீட் கலந்தவர்கள் மாலையில் கானம் கலக்க வந்த இடம். டெஸ்ஸி க்வின்லன் ஜல்லி அரைக்கும் குரலில் பாடினார். ஒருவர் பிஸ்கட் டப்பாவில் தாளம் தட்டினார். கடைக்காரர் படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, பாடறீங்களா, பூனையைப் பிழியறீங்களா?”

“பூனைதான்! உன் பீரைக் குடிச்சதுல இருந்து அதுக்கு இப்படித்தான் வருது!”

பாடி முடித்தவர் கையில் அழைப்பு இருக்கும். அது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம். அவர் யாரை நோக்கி விரல் நீட்டுகிறாரோ அவர் பாட வேண்டும், அல்லது வாசிக்க வேண்டும். ஆயரே ஆனாலும் மறுக்க முடியாது. அன்று டெஸ்ஸி விரலை நீட்டியது மூலையில் அக்கார்டியனை மடியில் வைத்து ஒளிந்திருந்த ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணை நோக்கி. அவள் வாசித்தாள். நம் பாட்டன்மார் ஆடிய நிதானமான நடனமெட்டு, மூச்சு விட நேரமில்லாத வேகத்தில் வந்தது. டப்பாக்காரர் தாளத்தால் துரத்தினார். டெஸ்ஸி கத்தினார். கூட்டம் பெஞ்சுகளின் மேல் ஏறி நின்றது. ‘ஒழுகும் கூரை’ பிறந்தது!

அந்த வேகம்தான் உலகைச் சுற்றியது. பில்பாவோவில் அதைப் பார்த்து வாசித்தார்கள், ஒசாகாவில் வாசித்தார்கள், மெல்பர்னில் வாசித்தார்கள். போன மாதம் வானொலியில் ஒரு பேராசிரியர் அது நாடிழந்த தலைமுறையின் கோபம் என்று அரைமணி நேரம் விளக்கினார். எங்கள் சமையலறையில் என் அம்மா கேரட் நறுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை.

“கோபமாம் கோபம்! எனக்குக் கால் நடுங்குச்சுடி. சீக்கிரம் முடிச்சுட்டு உட்காரணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.”

“அது நீயாம்மா?”

“எது?”

“இப்ப சொன்னியே.”

“நான் ஒண்ணும் சொல்லலை. அந்த வெங்காயத்தை உரி.”

நான் வெங்காயத்தை உரித்தேன். பிறகு முதல் இசைத்தட்டின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான்கு ஆண்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். இடது ஓரத்தில், படம் வெட்டப்பட்ட இடத்தில், ஒரு முழங்கை. முழங்கையில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். தினமும் எனக்குத் தட்டு வைக்கும் கையில் இருக்கிறது.

சபையோரே, ஏன் வெட்டினார்கள்? என்னால்தான். என்னை வயிற்றில் சுமந்துகொண்டு, விரலில் மோதிரமில்லாமல், அம்மா ஊர் திரும்பினார். அதே பீடத்திலிருந்து அம்மாவின் பெயரும் சொல்லப்பட்டது. அந்த வாரம் யாரும் மூட்டைக்குப் பின்னால் அம்மாவைத் தேடி வரவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகையில் டெஸ்ஸியிடம் கேட்டேன்.

“ஐயா, அட்டையில இருக்கிற முழங்கை யாரோடது?”

அவர் மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தார். அம்மா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“போட்டோக்காரன் பண்ணின தப்பும்மா அது.”

“பலகையில நாலு பேருன்னு பொறிச்சதும் போட்டோக்காரன்தானா?”

“நீ யார் பொண்ணு?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

அவர்களுடைய பாட்டுகளிலேயே உயர்ந்தது ‘ஐந்து மணி வேன்’. விடியும் முன் நடைபாதையில் வேலைக்கு நிற்பவர்களை வேன்காரன் விரலால் பொறுக்கும் பாட்டு. அதில் ஒரு சரணத்தை நான் பாட வேண்டும் என்று விழாக் குழு நான்கு முறை கூடி முடிவு செய்திருக்கிறது.

“ஒரே ஒரு சரணம், எய்மர். பாடுனதும் தலையைக் குனிஞ்சுட்டு உட்காரு.”

“சரி, சிஸ்டர்.”

“வேகமாப் பாடாத. அசிங்கமா இருக்கும்.”

சரணத்தையும் குழுவே தேர்ந்தெடுத்தது. என்ன அழகான தேர்வு!

நீ ஏறு, நீ ஏறு, நீ மட்டும் நில் என்றான்;
நின்றவன் பேரைச் சொல்லி ஒருத்தனும் இறங்கலையே.

அறிவில் சிறந்த குழுவினரே! ஆளுக்கொரு நாற்காலி எண்ணினீர்கள், பூச்செண்டு எண்ணினீர்கள், கேக்கை எத்தனை துண்டு போடலாம் என்று வாக்கெடுத்தீர்கள். பாடுகிறவர் கையில் அழைப்பு வந்துவிடும் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! பதினைந்து வயதுப் பெண்ணிடம், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், நீங்களே அதைக் கொடுத்துவிட்டீர்களே!

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவின் வேலை சிஸ்டர்களின் சமையலறையில். நான் படிப்பது அவர்களின் பள்ளியில். அம்மா என்னோடு பேசாமலே போகலாம். ஆனால் நாளை அந்தப் பலகையைத் திருகி முடுக்கிவிட்டால், பிறகு ஊர் அதைத்தான் படிக்கும். நான்கு என்றால் நான்குதான். அந்த முழங்கைக்குப் பெயர் இல்லையா? அந்த வேகத்துக்குத் தாய் இல்லையா? உலகமே ஓடிய ஓட்டத்தை ஓட ஆரம்பித்தவள் உங்களுக்குத் தேநீர் ஊற்றுகிறாள், நீங்கள் சர்க்கரை போதவில்லை என்கிறீர்கள்!

தலைவர் அவர்களே, சரணத்தைப் பாடிவிட்டேன். வேகமாகத்தான் பாடினேன், எனக்கும் கால் நடுங்குகிறது. இப்போது அழைப்பு என்னிடம் இருக்கிறது. மறுக்க முடியாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நன்றியும் வணக்கமும் அதற்குப் பிறகு. நான் அழைக்கிறேன்: நோரீன் டால்ட்டி. அம்மா, கெண்டியைக் கீழே வை. அக்கார்டியன் உன் அலமாரியில் இல்லை, தேடாதே, மேடைத் திரைக்குப் பின்னால் நான்தான் கொண்டுவந்து

என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். இப்போதுதான் பக்கத்து அறையில் அலமாரி திறந்த சத்தம் கேட்டது, அம்மாதா