கால் எட்டாத நாற்காலி

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, நன்றி. பாதம் இரண்டும் தரையில் படுகின்றன. பிள்ளைகளின் அறிவைச் சோதிக்கும் அறைக்குள் நுழைந்தால் நான் முதலில் பார்ப்பது நாற்காலியைத்தான். கால் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை, கேள்வி வருவதற்கு முன்பே பாதிக் கவனத்தைக் காலிலேயே விட்டுவிடும். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவருமே இந்தத் துறைக்காரர்கள், உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா எங்களை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துவார். "சின்னவ புத்திசாலி. பெரியவ உழைப்பாளி." இரண்டுமே பாராட்டு என்று அவர் மனதார நம்பினார். நான் மாதக்கணக்கில் உருப்போட்டு வாங்கும் மதிப்பெண்ணை அவள் தலை காயவைத்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டிவிட்டு வாங்கி வருவாள். வாங்கி வந்ததை மேஜை மேல் போட்டுவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பாள். எனக்கு வயிறு எரியும். எரிகிற வயிற்றோடுதான் அவளுக்கு எடுத்துப் போட்டும் இருக்கிறேன். அவள் என்றைக்கும் பெருமையடித்துக்கொண்டதில்லை. அடித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

பட்டப்படிப்பு முடித்த கையோடு அவள் கல்யாணம் செய்துகொண்டு வீட்டோடு இருந்துவிட்டாள். சில வருடம் கழித்து நான் கல்வி, உளவியல் அளவீட்டில் முதுகலை சேர்ந்தேன். நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினேன். மற்றவர்களின் அறிவை அளக்கும் படிப்பு. அவள் கால் வைக்காத ஓர் இடம் கடைசியில் எனக்கென்று கிடைத்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டு மேஜையில் வடிவப் புதிர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒன்று வகுப்பில் நான் தவறாகப் போட்டது. விடையைப் பார்த்த பிறகும் அது ஏன் விடை என்று எனக்குப் பிடிபடவில்லை. தங்கை மகள் என் முழங்கைக்கு அடியில் தலையை நுழைத்தாள். ஐந்து வயது. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர்.

"பெரியம்மா, ஒவ்வொரு வாட்டியும் புள்ளி ஒண்ணு கூடுது, கோடு ஒண்ணு குறையுது. அப்போ கடைசியில இதுதானே வரும்?"

விரலைச் சரியான கட்டத்தில் வைத்தாள்.

"அப்படியே அவ அம்மாவக் கொண்டிருக்கா" என்று அப்பா சிரித்தார். தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, இவ ஸ்கூலுக்குப் போனதும் நானும் உன் டிபார்ட்மென்டுக்கே அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். நேத்து உன்னோட பழைய என்ட்ரன்ஸ் பேப்பர எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஜாலியா இருந்துச்சு."

ஜாலியாக இருந்ததாம். நான் வாய் நிறைய, "வாயேன், நல்லதுதானே" என்றேன்.

எங்கள் படிப்பில் ஒவ்வொரு மாணவரும் பயிற்சிக்காகச் சில பிள்ளைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தியாக வேண்டும். அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. வந்த மதிப்பெண்ணைப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது. "அந்த மார்க் குழந்தையோடது இல்ல, உங்களோடது" என்பார் எங்கள் பேராசிரியை. கற்றுக்குட்டியின் கையில் சோதிக்கப்படுவது பிள்ளையல்ல, கற்றுக்குட்டிதான் என்று அர்த்தம். பயிற்சிக்கு வாயாடியை அனுப்பச் சொல்லித் தங்கையிடம் கேட்டேன். அவள் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த அறையில் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன நாற்காலி இருந்தது. நான் அதில் என் பையை வைத்துவிட்டு, அவளைப் பெரியவர்கள் நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி உட்காரவைத்தேன். வெளியே பிள்ளைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதி விடை சொன்னால் "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொல்லும் பகுதியில், எப்படிச் செய்வது என்று சொல்லி முடித்த பிறகுதான் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். நான் பெட்டியைத் திறக்கும்போதே அழுத்தினேன். நேரம் முடிந்ததும் கட்டைகளை என் உள்ளங்கையால் மூடினேன். அவள் விரல்கள் இன்னும் அதன் மேல் இருந்தன. முதல் முறை சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்திருப்பாள். இரண்டாம் முறை, "நான் இன்னும் முடிக்கல பெரியம்மா" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தடுத்த படங்களுக்கு என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொன்றும் எந்த மாணவியும் செய்யக்கூடிய சின்னப் பிழைதான். நான் எதையும் திருத்தி எழுதவில்லை. நூறு சராசரி என்கிற அளவில் எழுபத்தொன்று வந்தது. பேராசிரியை கூட்டலைச் சரிபார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது.

"எப்படிப் பண்ணினா?" என்று தங்கை வாசலிலேயே கேட்டாள்.

"சொல்லக் கூடாதுடி. விதி."

"ஏன் உன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல, விடு."

அவள் விடுகிற ஆளா? ஒரு வாரம் என்னைத் துளைத்தெடுத்தாள். நான் மென்று விழுங்கினேன். அதை நடிப்பு என்று எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எண்ணைச் சொன்னேன், அப்படிப்பட்ட பிள்ளைகள் எதுவரை படிப்பார்கள் என்பதையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா. எனக்கு என்ன தெரியும்?"

சின்ன வயதிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. என் மனம் குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

தங்கை பள்ளியில் அந்த எண்ணைச் சொல்ல, வாயாடியை மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான வகுப்பில் சேர்த்தார்கள். தங்கை எங்கள் துறைக்கு விண்ணப்பம் போடவில்லை. மகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. தங்கை அழும்போதெல்லாம் நான்தான் ஆறுதல் சொன்னேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அப்பா அதன் பிறகு யாரிடமும் "சின்னவ புத்திசாலி" என்று சொல்வதில்லை. என்னை மட்டும் இன்றும் உழைப்பாளி என்றுதான் சொல்கிறார். வாயாடி என்ற பெயரும் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. பேசாத பிள்ளையை எப்படி அப்படிக் கூப்பிடுவது?

நான் ஆய்வுப் பட்டம் முடித்து அதே துறையில் விரிவுரையாளரானேன்.

அந்தச் சோதனைக்கு ஏழு வருடம் கழித்து வாயாடியின் வகுப்புக்கு ஒரு புது ஆசிரியை வந்தார். இந்தப் பிள்ளை யாரும் பார்க்காதபோது பெரிய வகுப்புக் கணக்குகளைப் போட்டுவிட்டு அழித்துவிடுகிறாள், கேட்டால் தெரியாது என்கிறாள், மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று தங்கையைப் பிடுங்கி எடுத்தார். தங்கை என்னிடம்தான் வந்தாள். "நீயே பாத்துடு அக்கா. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

இந்த இரண்டாவது சோதனையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இதில் நான் ஒரு விதியையும் மீறவில்லை. அவள் வளர்ந்திருந்தாள், பாதம் தரையில் பட்டது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். சிரித்த முகத்தோடு பேசினேன். கட்டைப் பகுதி வந்தபோது முழுவதும் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

அவள் படத்தை ஒரு முறை பார்த்தாள். மூன்று கட்டைகளை மளமளவென்று வைத்தாள், மூன்றும் சரியான இடத்தில். ஒரே ஒரு கட்டைதான் பாக்கி. அப்போது ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். தன் உள்ளங்கையை விரித்துக் கட்டைகளை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"டைம் முடிஞ்சிடுச்சு பெரியம்மா."

முடியவில்லை. நிறையவே இருந்தது. அப்படி நேரும்போது "இன்னும் நேரம் இருக்கு, செய்" என்று சொல்லலாம் என்று கையேடு அனுமதிக்கிறது. சொல்லியே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. நான் பூஜ்யம் போட்டேன். அடுத்த படத்துக்கும் அவள் அப்படியே செய்தாள். அதற்கடுத்ததற்கும். வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளுக்கெல்லாம் தெரியாது என்றாள்.

எழுபத்துமூன்று வந்தது. இரண்டு மதிப்பெண் வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். ஏழு வருட இடைவெளியில் அதே பிள்ளைக்கு அதே எண். இதற்கு நம் துறையில் நம்பகத்தன்மை என்று பெயர். அந்த ஆசிரியைக்கு இது போதவில்லை, உங்களுக்குப் புகார் எழுதினார். நல்ல மனுஷிதான், அளவீடு தெரியாதவர்.

முதல் சோதனையில் நான் செய்தது அத்தனையும் தெரிந்தே செய்தது, என் தங்கைக்காகவே செய்தது. அவள் என்னைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காக. அதை ஒப்புக்கொள்கிறேன், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் மதிப்பெண் தவறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டாவது முறை கட்டைகளை மூடியது என் கை இல்லை.