சைரனுக்கு எழுந்த ஆள்

"படம்னு காலுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் முன் சீட்டுக்காரர்.

வடலூர் பஸ். சுரங்கத்துச் சீருடையில் அவர்; பக்கத்தில் மடியில் பையோடு அவர் மனைவி. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சென்னைக்குப் போய், ராட்சதத் திரையில் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஆறு மாடி உசரத் திரைங்க! ஊரே உக்காந்துகினு பாக்குது. நீங்க என் கையப் புடிச்சி வாசலுக்கு இழுத்துகினு ஓடுறீங்க."

"சைரன் ஊதுச்சா இல்லையா? மைன்ஸ்ல சைரன் ஊதுனா அடுத்தது வெடிதான். இருவது வருசமா ஓடுன காலு, அதுவா ஓடிச்சி."

"அது படத்துல ஊதுன சைரன்."

"சீட்டே அதிர்ந்துச்சே! நமக்கு முன்னாடியே ஒரு ஆளு ஓடிப்போய் வாசல்ல நின்னாரு. ஒத்தச் செருப்போட. அவரும் கண்டிப்பா நெய்வேலி மைன்ஸ்தான்."

"இருட்டுல நான் யாரயும் பாக்கல. மானத்தக் காப்பாத்த நீங்களா ஒரு ஆள உண்டுபண்ணாதீங்க. இனிமே உங்களோட நான் படத்துக்கே வரல."

"அவரக் கூட்டியாந்து நிறுத்துனா?"

"நிறுத்துங்க, வரேன்."

"நிறுத்துறேன் பாரு. நெய்வேலி என்ன அவ்ளோ பெரிய ஊரா?"

அவர் திரும்பி, பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரைவிட வேகமாக ஓடியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். இருந்தாலும், நேற்று வாங்கிய புதுச் செருப்பு இரண்டையும் மெதுவாகச் சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டேன்.